அச்சரப்பாக்கத்துக்கு ஒரு மாதிரிக் கல்

அந்த வருஷம் கோதண்டராமன் மாமியார் வீட்டுக்கு ஒரு தடவைகூட வெறுங்கையோடு போகவில்லை. பூவும் பழமும் கொண்டு போவது ஊர் வழக்கம். அவன் கொண்டுபோனது தரைக்குப் பாவுகிற கல். மாதத்துக்கு ஒரு கல். அதைப் பழைய பேப்பரில் சுற்றித் துணிப்பையில் போட்டுக்கொண்டு புதுப்பட்டினத்தில் பஸ் ஏறுவான். திருக்கழுக்குன்றம் தாண்டி, செங்கல்பட்டில் வண்டி மாறி, மதுராந்தகம் ஏரிக்கரை ஓரமாகப் போய் அச்சரப்பாக்கத்தில் இறங்குவான். மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள். அவனுக்குப் பயம் வழியில் இல்லை, போய்ச் சேருகிற இடத்தில் இருந்தது.

அங்கேதான் அவன் மனைவி வச்சலா இருந்தாள்.

கோதண்டராமன் கல்பாக்கத்தில் குவார்ட்டர்ஸ் கட்டுகிற ஒரு காண்டிராக்டரிடம் ஸ்டோர் கீப்பர். சிமெண்டு, கம்பி, பெயிண்டு எல்லாம் அவன் பொறுப்பு. எழுபத்து மூன்றில் புதுப்பட்டினத்தில் சொந்தமாக இரண்டு அறை வீடு கட்டினான். சுவர் எப்படியிருந்தாலும் தரை ஆபீசர் வீட்டுத் தரை மாதிரி இருக்க வேண்டும் என்பது அவன் ஆசை. எல்லப்பன் என்கிற மேஸ்திரி சிமெண்டில் சிவப்புக் காவி கலந்து, கரண்டியால் இழைத்து இழைத்துப் போட்டார். அதற்குமேல் கோதண்டராமனே ஒரு வாரம் தேங்காயெண்ணெய் தொட்டுத் துணியால் தேய்த்தான். தரை கண்ணாடியாக மின்னியது. அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து குனிந்து முகம் பார்த்துவிட்டுப் போனார்கள். வச்சலா அப்போது ஆறு மாதப் பிள்ளைத்தாய்ச்சி.

அடுத்த மாதம் ஐப்பசி மழை. கொல்லையில் காய்ந்த துணியை அள்ளிக்கொண்டு ஓடி வந்தவள் ஈரக்காலோடு அந்தச் சிவப்புத் தரையில் கால் வைத்தாள். அவ்வளவுதான். காண்டிராக்டரின் ஜீப்பில் செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். வச்சலா பிழைத்தாள். வயிற்றில் இருந்தது பிழைக்கவில்லை. பெண் குழந்தை. அவளுக்கு நினைவு திரும்ப இரண்டு நாள் ஆயிற்று. அவளுடைய அம்மா முனியம்மா மறுநாள் காலையில்தான் வந்து சேர்ந்தாள். அதற்குள் நர்ஸ் துணியில் சுற்றிக் கொடுத்ததைக் கோதண்டராமன் வாங்கிக்கொண்டுபோய்ச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு வந்திருந்தான். மாமியார் கேட்டபோது, "எல்லாம் ஆயிடிச்சி அத்த" என்று மட்டும் சொன்னான். வச்சலாவிடம் அதைக்கூடச் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து அவள் நேராக அச்சரப்பாக்கம் போனாள். மூன்று மாதம் ஓய்வு என்றார் டாக்டர். மூன்று மாதம் ஆயிற்று. நாலாயிற்று. அவள் வரவில்லை. இருவருக்கும் சண்டை எதுவுமில்லை. சண்டையென்றால் பெரியவர்கள் நாலு பேரை வைத்துப் பேசித் தீர்க்கலாம். இதற்கு யாரை வைத்துப் பேசுவது?

அவள் மட்டுந்தான் இல்லை. அவள் குங்குமச் சிமிழ் மாடத்தில் இருந்தது. கொடியில் அவள் பாவாடை ஒன்று தொங்கியது. காலையில் எழுந்தவுடன் இரண்டு டம்ளர் காப்பிக்குத் தண்ணீர் வைத்துவிட்டு, பிறகு ஒன்றைக் கொட்டுவான். வேலைக்குப் போய்த் திரும்பிக் கதவைத் திறந்தால் அந்தத் தரை அவனைப் பார்த்துப் பளபளக்கும். அவன் அதன்மேல் சாக்கு விரித்தான். சாக்குக்கு அடியிலும் அது மின்னிக்கொண்டிருப்பதாகவே அவனுக்குத் தோன்றியது. நம் பெருமைக்குப் போட்ட தரை, நம் வீட்டுப் பெண்ணைத் துரத்திவிட்டது என்று முடிவு கட்டினான். தரையை மாற்றினால் அவள் வருவாள். வா என்று கூப்பிட அவனுக்கு நாக்கு எழவில்லை. இந்தக் கல் எப்படி என்று கேட்க மட்டும் நாக்கு இருந்தது.

முதலில் கொண்டுபோனது மொசைக். வெள்ளையில் கறுப்பும் பச்சையுமாகச் சில்லு பதித்தது. மாமியார் வீட்டு முற்றத்தில் பேப்பரைப் பிரித்து வைத்தான்.

"ஊட்டுத் தரைய மாத்தலாம்னு கீறேன். இத்தப் போடலாமா, பாரு."

வச்சலா அவனைப் பார்க்கவில்லை. கல்லைப் பார்த்தாள். உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து அதன்மேல் ஊற்றினாள். வலது குதிகாலை வைத்து இப்படியும் அப்படியும் தேய்த்தாள். குதிகால் வழுக்கிக்கொண்டு போனது.

"வேணாம் மாமா" என்றாள்.

அந்த ஒரு வார்த்தைக்கு அவன் நாற்பது மைல் வந்திருந்தான். போதுமென்று இருந்தது. சாப்பிட்டுவிட்டு, கல்லைப் பைக்குள் போட்டுக்கொண்டு திரும்பினான். போகும்போது அவள் வாசல்வரை வந்து நின்றதை பஸ்ஸில் நினைத்து நினைத்துப் பார்த்துக்கொண்டான்.

அடுத்த மாதம் பூப்போட்ட சிமெண்டு டைல். மஞ்சளும் நீலமுமாக நாலு டைல் சேர்ந்தால் ஒரு பெரிய பூவாகும். "பூவப் போட்டுட்டு அதும் மேல நடக்கறதா?" என்றாள். அதற்கடுத்து ஓட்டுச் சூளையில் சுட்ட சிவப்புத் தட்டை ஓடு. அது வழுக்கவில்லை. ஊற்றிய தண்ணீரை உறிஞ்சிக்கொண்டது. அவள் கொஞ்சநேரம் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "கடல்காத்துக்கு உப்புப் பூத்துப் போகும். ரெண்டு மழைக்கிப் பாசி ஏறும்" என்றாள். பிறகு கடப்பாக்கல். "கறுப்பா கீது. ஊட்டுக்குள்ள இருட்டு வந்து படுத்துகினா மாதிரி."

ஒவ்வொரு தடவையும் தண்ணீர், குதிகால், ஒரு பதில். கோதண்டராமன் அந்தப் பதில்களைச் சேர்த்து வைத்துக்கொண்டான். ஒரு மாதத்தில் நாலு வார்த்தை பேசினாள், அடுத்த மாதம் ஏழு. வரவர அதிகமாகப் பேசுகிறாள் என்று சந்தோஷப்பட்டான். கல்லை எடுத்து வைக்கும்போதெல்லாம் அவள் முகம் எதற்கோ ஆயத்தமாகி, பிறகு அணைந்துபோவதை அவன் கவனிக்காமலில்லை. அது கல்லின் குற்றம் என்று நினைத்தான்.

புரட்டாசியில் எல்லப்பன் மேஸ்திரிதான் மரத்தைப் பற்றிச் சொன்னார். "கல்லு இன்னா இருந்தாலும் கல்லுதான்பா. பழைய பங்களாவுல எல்லாம் பலகதான் போட்டுகீறான். காலு நிக்கும்."

செங்கல்பட்டில் ரயில்வே லைனை ஒட்டிப் பூவாயி என்கிற பெண்மணி பழைய மரக்கடை வைத்திருந்தாள். இடித்த வீடுகளின் கதவு, ஜன்னல், உத்தரம் எல்லாம் அங்கே அடுக்கியிருக்கும். காதில் பென்சில் செருகியிருந்த அவளுக்கு நாற்பது வயது இருக்கும். நிமிர்ந்து பேசுவாள்.

"தரைக்கா? அப்ப மாமரம், அது இதுன்னு போய்டாத. ஆறு மாசத்துல செல்லரிச்சிடும். இப்டி வா" என்று கொட்டகையின் பின்பக்கம் கூட்டிப் போனாள். அங்கே ஒரு வெள்ளைக்காரன் காலத்து பங்களாவின் மாடித்தரையிலிருந்து பெயர்த்த பர்மா தேக்குப் பலகைகள் கிடந்தன. ஒன்றைத் தூக்கி நிறுத்தி விரல் முட்டியால் தட்டினாள். கணீரென்றது. பக்கத்திலிருந்த இன்னொன்றைத் தட்டினாள். பொத்தென்றது.

"கேட்டியா? அது வைரம். இது வெளிறு, மரத்தோட மேல்சத. பாக்கறதுக்கு ரெண்டும் ஒரே மாதிரிதான் கீது. ஓரத்துல கொஞ்சம் சீவச் சொல்லி மோந்து பாரு, எண்ண வாசன அடிக்கணும். எண்ண இருந்தாத்தான் கரையான் கிட்ட வராது." அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "ஊட்டுல கேட்டுகினியா? நீ பாட்டுக்கு வாங்கிகினு போய், அப்பால அது புடிக்கலன்னு சொல்லிச்சின்னா நான் திரும்ப எடுக்க மாட்டேன்."

"அதக் கேக்கத்தான் போறேன். ஒரு துண்டு குடுங்க."

ஒரு முழம் நீளத்துக்கு அறுத்துக் கொடுத்தாள்.

வச்சலா அந்தத் துண்டின்மேலும் தண்ணீர் ஊற்றினாள். குதிகாலைத் தேய்த்தாள். கால் நின்றது. பிறகு அவன் எதிர்பாராத ஒன்றைச் செய்தாள். இரண்டு காலையும் அதன்மேல் வைத்து ஏறி நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள்.

"சில்லுன்னு இல்ல" என்றாள். "யாரோ இத்தினி நேரம் உக்காந்துகினு இருந்துட்டு இப்பதான் ஏந்து போன மாதிரி கீது."

அன்றைக்கு அந்தத் துண்டை அவள் திருப்பித் தரவில்லை.

கோதண்டராமனுக்கு வேறென்ன சம்மதம் வேண்டும்? ஊருக்கு வந்த அன்றே கடப்பாரையை எடுத்தான். எல்லப்பன் வந்து தலையில் கைவைத்துக்கொண்டு நின்றார். "எங்கையால இழச்சது கோதண்டம். ஒரு கீறல் இல்ல பாரு." அவன் குத்திக்கொண்டே இருந்தான். சிவப்புத் தரை பாளம் பாளமாகப் பெயர்ந்தது. மூன்று நாள் ஆயிற்று. கைகள் கொப்பளித்தன.

பூவாயியிடம் வாங்கிய பலகைகள் ஓர் அறைக்குத்தான் வந்தன. மண்ணில் நேராகப் படிந்தால் மரம் ஈரம் குடித்து உப்பிவிடும் என்பதால், வறுத்தெடுத்த மாதிரி உலர்ந்த மணலைக் கொட்டி, அதன்மேல் செங்கல் வரிசை, அதன்மேல் சட்டம், சட்டத்தின்மேல் பலகை. சுவரை ஒட்டி விரல்கடை இடம் விட்டார் எல்லப்பன். மழையில் பலகை பருக்கும், அதற்கு இடம் வேண்டும் என்றார். சமையல் பக்கம் வெறும் மண்ணாகவே கிடந்தது. பலகை போட்ட அறை முடிந்த அன்று கோதண்டராமன் அதில் உட்காராமல் வாசற்படியில் உட்கார்ந்து அதைப் பார்த்தபடி சாப்பிட்டான். முதலில் அவள் கால்தான் படவேண்டும்.

கார்த்திகையில் மழை விட்ட ஒரு நாள் லீவு போட்டுவிட்டு அச்சரப்பாக்கம் போனான். இந்தத் தடவை பையில்லை. வச்சலா முற்றத்தில் முறத்தை வைத்துக்கொண்டு விதைக்கு மல்லாட்டைக் கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். எதிரே குந்தி அவனும் ஒரு கொட்டையைக் கையில் எடுத்தான்.

"மர ரூமு முடிஞ்சிபோச்சி வச்சலா. சுத்தமா வழுக்காது. ஒரு தரம் வந்து மெதிச்சிப் பாரு. அடியில மணல் கொட்டி, சட்டம் போட்டு..."

"மாமா."

அவன் நிறுத்தினான்.

"அதுக்கு மூக்கு யாரு மாதிரி இருந்திச்சி?"

எதற்கு என்று அவன் கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்கவில்லை. அவன் கையிலிருந்த மல்லாட்டைக் கொட்டை ஒன்று நசுங்கியது.

"அம்மா பாக்கல. நானும் பாக்கல. பொண்ணுன்னு நர்சம்மா சொன்னதோட சரி. பாத்தது நீ ஒருத்தன்தான். நீ வர்றப்பல்லாம் இன்னிக்கிச் சொல்லுவான், இன்னிக்கிச் சொல்லுவான்னு ஒக்காந்துகினு இருப்பேன். நீ பையில கைய வுட்டு ஒரு கல்ல எடுத்து வெப்ப." அவள் குரல் உயரவில்லை. உடைத்த பருப்பை முறத்தின் ஓரத்துக்குத் தள்ளினாள். "எத்தினி கல்லு மாமா."

முனியம்மா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, தன் பாட்டுக்குக் கொல்லைப் பக்கம் போய்விட்டாள்.

நசுங்கிய கொட்டையை அவன் முறத்தில் போட்டான். "உன் மூக்குதான். நுனி இப்டிக் கொஞ்சம் தூக்கிகினு."

அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"முடி நெறைய. ஈரமா நெத்தியில ஒட்டிகினு இருந்திச்சி. நான் ஒதுக்கி வுட்டேன். எடது காது மடங்கிகினு இருந்திச்சி."

"நெறம்?"

"உன் நெறந்தான்" என்றவன், அவள் கண்ணைப் பார்த்ததும் நிறுத்தினான். "இல்ல. கொஞ்சம் நீலமாட்டம் இருந்திச்சி. ஒதடு மட்டும்."

"கண்ணு?"

"மூடிகினு இருந்திச்சி. கட்டவெரல உள்ள வெச்சிக் கைய மூடிகினு இருந்திச்சி. அதத் தொறந்து பாத்தேன்."

"இன்னாத்துக்குத் தொறந்த?"

"தெர்ல. பாக்கணும் போல இருந்திச்சி. நகம்கூட இருந்திச்சி வச்சலா. அரிசி நொய்யாட்டம்."

அவள் தன் கையைப் பார்த்தாள். "எதுல வெச்ச?"

"கழுக்குன்றத்துல ஜீப்ப நிறுத்தி ஒரு புது வேட்டி வாங்கினேன். ஆஸ்பத்திரித் துணியோட வெக்க மனசு வரல. நம்ம ஊட்டுக்குக் கெழக்க, சவுக்குத் தோப்புல மேடு கீது இல்ல? அங்க வளஞ்ச மரம் ஒண்ணு இருந்திச்சி. அதுங்கீழ. டிரைவர வெளியில நிக்கச் சொல்லிட்டு நானேதான் தோண்டினேன்."

"என்னாண்ட ஏன் சொல்லல?"

"நீ அழுவியேன்னு."

"நான் இன்னா, சிரிச்சிகினா இருந்தேன்?"

 அவள் எழுந்து உள்ளே போனாள். திரும்பி வரும்போது புடவை மாற்றியிருந்தாள். "அம்மா, நான் போய்ட்டு வரேன்" என்று கொல்லைப் பக்கம் பார்த்துச் சொன்னாள். முனியம்மா வந்து, எங்கே என்றோ எத்தனை நாளைக்கு என்றோ கேட்காமல், கொஞ்சம் பொரியும் வெல்லமும் துணியில் முடிந்து மகள் கையில் கொடுத்தாள்.

பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். மதுராந்தகத்தில் ஒரு கேள்வி கேட்டாள், செங்கல்பட்டில் ஒன்று. ஜீப்பில் வரும்போது எங்கே வைத்துக்கொண்டாய்? மடியிலா, பக்கத்திலா? மடியில் என்றான். புதுப்பட்டினத்தில் இறங்கியதும் வீட்டுப் பக்கம் திரும்பாமல், "காட்டு" என்றாள்.

கிழக்கே மணலில் நடந்தார்கள். மேடு தெரிந்ததும் கோதண்டராமன் நின்றுவிட்டான். சவுக்குத் தோப்பு இல்லை. குத்தகை முடிந்து வெட்டிக்கொண்டு போயிருந்தார்கள். மேடு முழுக்க அடிக்கட்டைகள். நடுநடுவே இந்த மழைக்கு ஊன்றிய முழங்கால் உயரக் கன்றுகள் வரிசை வரிசையாகக் காற்றில் ஆடின. அதற்கப்பால் கடல் பளிச்சென்று தெரிந்தது.

ஒரு வருஷமாக அவன் அந்தப் பக்கம் வரவில்லை. வர முடியவில்லை. இப்போது ஒவ்வொரு கட்டையாகப் போய்க் குனிந்து பார்த்தான். இதுதான் என்றான், அப்புறம் இல்லை, அது என்றான். வெட்டிய பிறகு வளைந்த மரத்துக்கும் நேர் மரத்துக்கும் அடி ஒன்றுதான். நாலைந்து தடவை மேட்டைச் சுற்றி வந்தவன் மணலில் மண்டியிட்டு விழுந்து அழுதான். ஆஸ்பத்திரியில் அழவில்லை, குழி தோண்டும்போது அழவில்லை. விறகுக்குச் சவுக்கு மிலாறு பொறுக்க வந்த இரண்டு பெண்கள் தூரத்திலேயே நின்று, பிறகு வேறு பக்கம் போனார்கள்.

வச்சலா மேட்டின் நடுவில் நின்ற இடத்திலேயே நின்றிருந்தாள். பிறகு மெல்ல உட்கார்ந்தாள். பொரி முடிப்பை அவிழ்த்து, எட்டிய தூரம்வரை நாலு பக்கமும் இறைத்தாள். வெல்லத்தைக் கிள்ளி மணலில் வைத்தாள். வெயில் சாய்ந்து கடல் நிறம் மாறுகிறவரை இருந்தார்கள். கிளம்பலாமா என்று அவன் எழுந்தபோதும் அவள் எழவில்லை.

"எங்க கால வெக்கறதுன்னு தெர்ல மாமா" என்றாள். "எங்க வேணா இருக்கலாம் இல்ல."

அவன் வந்து கை நீட்டினான். "நான் வந்த தடத்துலயே மெதிச்சி வா. கொழந்த அங்க இல்ல. அது எனக்குத் தெரியும்." அது அவனுக்குத் தெரியாது என்பது அவளுக்குத் தெரியும். இருந்தாலும் அவன் கால்தடத்தில் கால் வைத்து இறங்கி வந்தாள்.

வீட்டுக்கு வந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. அவன் தரையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.  அவள் பலகை போட்ட அறைக்குள் போய் ஜன்னலைத் திறந்தாள். கொடியிலிருந்த பாவாடையை உதறி மடித்தாள். சமையல் பக்கத்து வெறும் மண்ணைப் பார்த்து, "இங்க கடப்பாக்கல்லயே போடு. பாலீஷ் போட்ட பக்கம் வேணாம், சொரசொரன்னு கீற பக்கம் மேல வர்ற மாதிரி" என்றாள்.

"கறுப்பா கீதுன்னியே."

"சமைக்கற எடந்தானே. பரவால்ல."

எட்டு நாள் இருந்தாள். ஒவ்வொரு நாளும் குழந்தையைப் பற்றி ஏதாவது கேட்டாள். அவனும் சொன்னான். சொன்னதையே திரும்பச் சொன்னான். ஒன்பதாம் நாள், சம்பா அறுப்புக்கு அம்மா ஒண்டியாக இருப்பாள் என்று புறப்பட்டுவிட்டாள். எப்போது வருவாய் என்று கேட்க நினைத்து அவன் கேட்காமல் பஸ் ஏற்றிவிட்டான். அவள் போன பிறகு வீடு முன்னைவிடப் பெரிதாகிவிட்டது. மார்கழி முழுக்க வேலை விட்டதும் நேராக வீட்டுக்குப் போகாமல் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் உட்கார்ந்தான். செங்கல்பட்டு வண்டி வரும். ஆட்கள் இறங்குவார்கள். வண்டி புழுதி கிளப்பிக்கொண்டு போனதும் எழுந்து நடப்பான். பொங்கலுக்கு அவன் அச்சரப்பாக்கம் போனான். களத்தில் வேலை மும்முரம், அவள் சிரித்துப் பேசினாள், வருகிறேன் என்றாள். என்றைக்கு என்று சொல்லவில்லை.

தை கடைசியில் ஒரு சாயங்காலம் அதே டீக்கடையில் உட்கார்ந்திருந்தான். வண்டி வந்து நின்றது. இரண்டு பேர் கூடையோடு இறங்கினார்கள். ஒரு கிழவர் இறங்கினார். கண்டக்டர் விசில் ஊதப் போகிற சமயத்தில், பின் படியிலிருந்து ஒரு தகரப் பெட்டி முதலில் வந்தது. அப்புறம் அதைத் தள்ளிக்கொண்டு வச்சலா வந்தாள். கோதண்டராமன் டம்ளரைப் பிடித்தபடி எழுந்து நின்றான். 

"இன்னா மாமா, பாத்துகினே நிக்கற" என்றாள் அவள். "பொட்டி கனமா கீது. ஒரு பக்கம் புடி."

ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக்கொண்டார்கள்.